மையத்திலிருந்து தூரம்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
இதே வட்டத்துக்கு வருகிறேன்.
ஆரம் பன்னிரண்டு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
நடுவில், ஒரு சாண் ஆழத்தில்,
அடையாளம் வெளியே தெரியாமல் புதைத்த இரும்பு முளை.
லாட்வியாவின் வடகிழக்கு மூலையில்
நானூறு ஹெக்டேருக்கு
இந்த ஒரு வட்டம்தான் சாட்சி.

முதல் முறை வந்தபோது புல்.
இடுப்பளவுப் புல்.
கூட்டுப் பண்ணை கடைசியாக ஆளி விதைத்த ஆண்டின்
உழவுச்சால் புல்லுக்கடியில் காலை இடறியது.
விளைநிலம் என்று எழுதிக்கொண்டு போனேன்.

இரண்டாம் முறை
கருவியை எங்கே நீட்டினாலும் அலறியது.
முன்பு டிராக்டர் நிறுத்திய இடமாம்.
போல்ட்டு, பரம்புப் பல், சங்கிலிக் கண்ணி;
குண்டெகா ஒரு சூப்புக் கரண்டியைக்கூடத் தோண்டி எடுத்தாள்.
நிலத்துக்காரர் ஸிகுர்ட்ஸ் கால்வாயோரம் நின்று
"என்ன தேடுகிறீர்கள்?" என்றார்.
"நாங்கள் புதைத்ததை."
"இங்கே வந்தவர்கள் எல்லோரும்
அதைத்தான் சொன்னார்கள்."

அப்போதே பிர்ச் வந்துவிட்டிருந்தது.
யாரும் அழைக்கவில்லை.
உமியைவிட மெலிந்த விதை, காற்றேறி வந்து,
முழங்கால் உயரத்தில் ஆயிரக்கணக்கில் நின்றது.
மார்புயரம் எட்டாத மரத்துக்குப்
படிவத்தில் வரி கிடையாது.
மிதித்துக்கொண்டுதான் அளந்தேன்.

ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் அது வயல்.
வயலுக்கு மானியம் உண்டு.
பக்கத்து நிலங்களில் எல்லோரும் வெட்டினார்கள்,
ஆகஸ்ட் முடிவதற்குள், புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள்.
ஸிகுர்ட்ஸின் வெட்டுயந்திரம்
மகள் எல்வீரா அயர்லாந்துக்குக்
காளான் பறிக்கப் போன கோடையில் அச்சு முறிந்தது.
மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்றே
மூன்றாம் முறையும் சொன்னார்.
அதற்குள் ஆல்டர் வந்தது.
கடமான் வந்து நுனிகளைத் தின்றது.
தின்றது போக மிச்சம் வளர்ந்தது.

ஐந்து மீட்டர் உயரம்,
பத்தில் ஒரு பங்கு நிழல்,
அரை ஹெக்டேர் பரப்பு.
இந்த மூன்றும் கூடினால் காடு.
நான்காம் முறை கூடியிருந்தது.
தோற்றம் என்ற கட்டத்தில்
நட்டது, தானாக வந்தது
என இரண்டே தெரிவு.
ஸிகுர்ட்ஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"பதினைந்து வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை.
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா?"
குண்டெகா சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.

கால்வாய்க்கு அப்பால் அடுத்த வட்டம்.
நூற்றிருபது வயது ஸ்ப்ரூஸ் நின்ற இடம்.
இந்தக் குளிரில் வெட்டிவிட்டார்கள்.
லாரித் தடத்தில் நீர் தேங்கி,
அடிக்கட்டைகளில் பிசின் இன்னும் ஈரம்.
நின்று நாலாபுறமும் பார்த்தேன்,
மறைக்க எதுவும் இல்லை, தேவாலயக் கூரை தெரிந்தது.
எழுதினேன்: காடு.
விதி அப்படி.
மறுபடி முளைக்கும் என்ற வாக்கில்
மரமற்ற காடும் காடே.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது;
ஏட்டுக் காட்டில் மரங்கொத்தி இறங்குமா,
அதைக் கேட்கும் வரியும் இல்லை.

ரீகாவில் இருபது ஆண்டுகளை
ஒரு கோடாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள்.
தானாக வளரும் காடுகள், பரப்பளவில்.
கோடு மெல்ல ஏறுகிறது.
பார்த்தவர்கள் தலையசைக்கிறார்கள்.
பொய் இல்லை அதில்.
வயதானதும் நேற்று வந்ததும்
ஹெக்டேர் கணக்கில் ஒன்றுதான்,
அவ்வளவே.

இன்று ஐந்தாம் முறை.
ஸிகுர்ட்ஸ் இல்லை; மார்ச்சில் போய்விட்டார்.
எல்வீரா விற்பதா வேண்டாமா என்று
தொலைபேசியில் என்னிடம் கேட்கிறாள்.
நான் மரம் எண்ணுகிறவன், அம்மா, என்றேன்.

கருவியைத் தாழ்த்தி நடந்தேன்.
ஓரிடத்தில் மட்டும், தயங்காத ஒரே சுருதி.
முளை அங்கேதான்,
ஒரு பிர்ச்சின் வேருக்கு நேர் கீழே.
தோண்டினால் வேர் போகும்.
மையத்தை நகர்த்த எனக்கு அனுமதி இல்லை.
அன்று என் பூட்ஸுக்கு அடியில்
வளைந்து நிமிர்ந்ததில் ஒன்றாக இருக்கலாம்.
விட்டம் பதினாறு. உயரம் பன்னிரண்டு.
மையத்திலிருந்து தூரம் என்ற இடத்தில்
சுழியம் என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை.
மறுபடி எழுதினேன்.