கடுதாசிப் பேணி

பருத்தித்துறை பஸ் வெளிக்கிட முன்னம்
ஒரே இழுவையில் குடித்துவிட்டு
சில்லுக்குக் கீழே எறிவீர்களே,
அந்தப் பேணிதான்.
ஊதாக் கொடி. இந்தப் பக்கம் மூன்று இலை,
அந்தப் பக்கம் மூன்று இலை,
நடுவில் ‘சூடு கவனம்’.

வரைந்தவள் மெற்றில்டா.
வரைந்தவள் என்றால் அவளே சிரிப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, ஐப்பசி மழை.
கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
கரண்ட் வந்து வந்து போன பின்னேரம்.
நான் பைண்டிங் மேசையில்.
தவநேசன் நனைந்தபடி வந்தார்:
கோயம்புத்தூர் மிசின் இறங்கிவிட்டது,
ஒரு டிசைன் வேணும், காலமைக்குள் வேணும்,
பூவோ கொடியோ,
சாமிப் படம் மட்டும் வேண்டாம், குப்பையிலை கிடக்கும்.

திரையில் திறந்து கிடந்தது
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் கல்வெட்டு.
வியாழக்கிழமை அந்தியேட்டி.
தேவாரம் முடிந்து, வம்சாவழி முடிந்து,
நன்றி நவிலல்வரை அடித்திருந்தாள்.
அட்டைக் கரையை அப்படியே எடுத்தாள்.
பெயரை அழித்தாள்.
தோற்றத்தை அழித்தாள்.
மறைவை அழித்தாள்.
அந்த வெற்றிடத்தில்தான் ‘சூடு கவனம்’.

அவர் கேட்டது மண்ணிறம்.
மண்ணிற மை கொழும்பிலிருந்து வரவில்லை.
ஊதா இருந்தது,
பள்ளிக்கூட றிப்போட் அடித்த மிச்சம்.

கூலி எண்ணூறு ரூபா, ஐம்பது பேணி இனாம்.
எனக்கு இரண்டு தந்தாள்.

தட்டையாய்க் கிடந்த கொடி வளைந்தபோது
ஒட்டுகிற இடத்தில் இலை சேரவில்லை.
பாதி மேலே, பாதி கீழே.
தவநேசன் கத்தின கத்து!
ஆனால் இருபதாயிரம் அடித்தாயிற்று.

பிறகு கச்சேரி வாசல், ஆசுபத்திரிக் கன்ரீன்,
கோட்டை மதிலோரம், தேர், பெருநாள்,
உண்ணாவிரதப் பந்தலுக்குப் பின்பக்கம்,
எல்லாக் கையிலும் தபாலதிபரின் கரை.
செத்தவீடுகளிலும்தான்.

பதினாறாம் ஆண்டு போட்டிக்கு ஒரு கம்பனி.
அதே கொடி, அதே ஊதா,
இலையை மட்டும் நேராக்கியிருந்தார்கள்.
ஒட்டே தெரியாது, அவ்வளவு வடிவான வேலை.
ஐந்துசந்தியில் நிஸ்தார் இரண்டு நாள் அதில் ஊற்றிக் கொடுத்தார்.
“மல்லி குறைஞ்சு போச்சோ?”
“கோப்பித்தூள் மாத்தீற்றியளோ?”
கோப்பி அதே கோப்பி.
மூன்றாம் நாள் பழைய பேணி.

போன கிழமை அச்சகத்துக்கு வந்தார்
தபாலதிபரின் மகன். கனடா.
தகப்பனுக்கு நினைவுமலர் அடிக்க வேணுமாம்.
மெற்றில்டா கோப்பி எடுப்பித்தாள்.
அவர் பேணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
“இந்தக் கொடியை எங்கையோ கண்டிருக்கிறன்.”
“எங்கையும் இருக்குத்தானே” என்றாள்,
கணினியைப் பார்த்தபடி.

ஒட்டுப் பக்கமாய் வாய் வைத்தார்.
எங்கட ஆட்கள் வைக்க மாட்டார்கள், ஒழுகும்.
வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு.
எழும்பிப் போய், அவர் கையிலேயே
பேணியை அரைவட்டம் திருப்பிவிட்டாள்.
“மற்றப் பக்கத்தாலை குடியுங்கோ.”