படிவம் ஏழு

ஒத்தமுனைக்கு வரலாறு உண்டா என்று கேட்டு
ராமநாதபுரத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
இன்று மாலைக்குள்.

நான் வீட்டுவரி வசூலிக்கிறவன்.
நானூற்றுப் பதினாறு கதவுகள்.
எது எத்தனை தட்டலுக்குத் திறக்கும்,
எது ஆள் இருந்துகொண்டே திறக்காது
என்பது வரைக்கும் தெரியும்.
அதனால் தலைவர் இதை என் மேசையில் வைத்துவிட்டு
மீன் ஏலத்துக்குப் போய்விட்டார்.

பெயர்க் காரணம்.
ஒற்றைப் பனை நின்ற முனை என்றார்
டீ ஆற்றிக்கொண்டே பகுருதீன்.
எதையும் ஒத்துக்காதவங்க முனை என்றாள்
பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த குழந்தைத்தெரசு.
இரண்டையும் எழுதினேன்.
பனையை அறுபத்து நாலாம் வருடத்துப் புயல் கொண்டுபோனது.
மற்றது நிற்கிறது.

குடிநீர் ஆதாரம்.
கடலிலிருந்து நாற்பதடி தள்ளி ஊற்றுத் தோண்டினால்
சிரட்டையால் அள்ளிக் குடிக்கலாம்.
அறுபதடி தள்ளினால் உப்பு.
ஏன் என்று பார்க்க ஒரு பொறியாளர் வந்தார்,
இரண்டு நாள் தங்கினார்,
நாற்பதடியில் குடித்தார்,
போனார்.

போக்குவரத்து.
என் அப்பா காலத்தில் ரயில் வரும் என்று அளந்தார்கள்.
பதினொரு கல் நட்டார்கள்.
ஒன்றில் ஆடு கட்டியிருக்கிறது.
இரண்டின் மேல் குறுக்கே பலகை போட்டு
சலூன் வாசலில் பெஞ்சாக்கிவிட்டார்கள்.
நான்கைந்து, கருவேலங்காட்டுக்குள் போனது போனதுதான்,
கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் இடம் தெரியும்.
ரயிலுக்காக இங்கே யாரும் வருந்திப் பார்த்ததில்லை.
கல் நல்ல கல்.

இயல்பு என்று ஒரு கலம் இல்லை.
இருந்தால் எழுதியிருப்பேன்:
ஜீப்பில் வந்து யாராவது ஒரு பெயரைச் சொல்லித் தேடினால்
ஆறு பேர் ஆறு வழி சொல்வார்கள்,
ஆறும் உண்மையான வழி,
ஆறும் அந்த வீட்டுக்குப் போகும்,
அவர் வெளியே போன பிறகு.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினேன்.

ஓர் ஐப்பசி இருட்டில்
அக்கரைப் படகொன்று மூன்று பேரை
மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது.
புருஷன், பெண்டாட்டி, காய்ச்சலில் ஒரு பிள்ளை.
சொல்ல வேண்டுமா, முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று
விடியும் வரை சண்டை.
மாமன் மச்சான் பேச்சு முறிந்தது, இன்றும் ஒட்டவில்லை.
சண்டைக்கு நடுவே யாரோ கஞ்சி வைத்தார்கள்,
யாரோ படகை எடுத்தார்கள்.
காலையில் ஊரே கூடிப் போலீசுக்கும் சொன்னது.
மண்டபத்துக்கு வண்டி கிளம்பும்போது
பிள்ளையின் ஒரு செருப்பைக் காணோம் என்று
போலீஸ்காரரை அரைமணி நேரம் நிறுத்தித் தேடியது.
கிடைக்கவில்லை.

மறுநாள் ஊர்ப் பொதுக் கணக்கில்
சீனி இபுறாகிம் பற்று எழுதினார்:
நொய் இரண்டு படி. சேலை ஒன்று. காய்ச்சல் மாத்திரை.
டீசல் நாலு லிட்டர்.
கடன்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
மூவர் என்று மட்டும்.
வருடம் தவறாமல் புதுப் பேரேட்டுக்கு
அந்த வரியை எடுத்து எழுதுகிறார்.
அடித்துவிடலாமே என்றால் முறைக்கிறார்.
வசூலிக்கவும் யாரும் போனதில்லை.
வரி வாங்கித் தின்கிறவன் நான்,
இப்படியொரு பாக்கியை வேறெங்கும் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தேன். இருநூறைத் தாண்டிவிட்டது.
பின்பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு
முன்பக்கத்தில் எழுதினேன்:
தொன்மையான ஊர். முக்கியத் தொழில் மீன்பிடி.

ஐந்து பத்துக்குக் கடைசி பஸ்.
என்ன அது என்றான் டிரைவர் வழிவிட்டான்.
ஊர் வரலாறு, கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிடு.
அவ்வளவுதானா என்று திருப்பிப் பார்த்தான்,
அடித்த கோட்டுக்குக் கீழே கொஞ்சம் படித்தான்,
செருப்பு எங்க வலையிலதான் கிடந்துச்சு,
ரெண்டு மாசம் கழிச்சு, என்றான்.

காற்றில் பறக்காமல் இருக்க
கருவாட்டு மூட்டையின் கயிற்றில் செருகிக்கொண்டான்.