மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்

சஜ்ஜா காவல் நிலையம், இரண்டாம் மாடி.
மணிக்கு இவ்வளவு திர்ஹம் என்று
என் வாயை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் முன்பு இதே அறையில்
இதே சூசைமிக்கேலை
வேறொரு அதிகாரி பதினொரு நிமிடத்தில் விசாரித்து முடித்தார்.
வெள்ளை பிக்கப்தானே? ஆமாங்க.
வேகமாக வந்தது, இல்லையா? ஆமாங்க.
சீருடைக்கு எதிரே உட்கார்ந்தால்
சூசைக்கு மூச்சே ஆமாங்க என்றுதான் வரும்.
தட்டிருச்சு சார் என்றான்.
நான் அரபியில் எதைச் சொன்னேன்,
தட்டியது என்றா, மோதியது என்றா, நசுக்கியது என்றா?
மூன்றுக்கும் மூன்று வேகம்.

இன்று லெப்டினன்ட் மோஸா.
மேசையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.
"நான் அங்கே இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.
எதற்கும் உதவாது என்று தோன்றுவதையும் சொல்லுங்கள்.
தெரியாது என்பதும் பதில்தான்."
கடைசி வரியை மட்டும்
என்னை இரண்டு முறை சொல்லவைத்தான் சூசை.

கண்ணை மூடிக்கொண்டான்.
கையில் கரக் சாய், சூடு, கப்பின் விளிம்பு நைந்திருந்தது.
சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து நனைந்த சாம்பல் வாடை.
காதில் மகளின் வாய்ஸ் மெசேஜ்,
பள்ளியில் யாரோ அவள் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டார்களாம்.
பாக்ஸ் என்ற சொல் வந்தபோதுதான் சத்தம்.

இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி, என்றார் மோஸா.
ஆம்புலன்ஸ்.
அதற்கு முன் ஒற்றைச் செருப்பு.
அதற்கு முன்
சர்ர்ரென்று எதுவோ தாரில் இழுபட்டது.
கயிறு. பச்சைக் கயிறு.
பின்கதவைக் கட்டியதில் மிஞ்சிய வால்.
முதல் வாக்குமூலத்தில் கயிறே இல்லை.
யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வண்டியின் நிறம்?
நான்கு நிமிடம். ஏசியின் முனகல்.
மௌனத்தை அரபியில் எப்படிச் சொல்வது,
நானும் சும்மா இருந்தேன்.
"தெரியலைங்க."
பிறகு என் பக்கம் திரும்பி,
"வெள்ளைன்னு நானா சொன்னேன்?"

இதையும் மொழிபெயர்க்க வேண்டும்.
மொழிபெயர்த்தேன்.
மோஸா எழுதவில்லை, என்னையே பார்த்தார்.

இரவு ரோலா போகும் பஸ்ஸில்
கண்ணை மூடி அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் போனேன்.
அதிகாரியின் பேனா மூடி வருகிறது, கடித்த தடத்தோடு.
ஜன்னலில் மழை வருகிறது.
சஜ்ஜாவில் அந்த மாதம் மழையே இல்லை.
நான் சொன்ன சொல் மட்டும் வரவில்லை.

தாளின் அடியில் என் கையொப்பம் இருக்கும்,
கொஞ்சம் கோணலாக,
எழுதும்போது யாரோ முழங்கையைத் தட்டியதுபோல.
அல்லது மோதியதுபோல.