கீழ்வரி முதலில்

மேட்டூர் திறக்காத வருஷம் எடுத்தது.
நாடாவின் முதுகில் என் கையெழுத்து: மேக்கிங் 6.
படம் பிலிமில் ஓடியது, நொடிக்கு இருபத்து நாலு.
என் தோளில் இருந்தது
கல்யாணத்துக்கும் போய்வரும் மினி டிவி கேமரா.
நொடிக்கு இருபத்தைந்து,
அதையும் ஒரே மூச்சில் எழுதாது.
ஒரு தரம் ஒற்றை வரிகள், மறு தரம் இரட்டை வரிகள்,
காவிரிக்கு ஒரு வாரம் வெண்ணாற்றுக்கு ஒரு வாரம் என்று
முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல.
இரண்டும் சேர்ந்தால்தான் படம்.
சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைக்
கடைமடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது மறுவெளியீடு.
ஓடிடி கம்பெனியின் தாளில் நாற்பத்தொரு நிபந்தனை.
பதினாறுக்கு ஒன்பது. இருபத்து நாலு ஃபிரேம்.
வரி பிரியாத முழுப் படம்.
பக்கவாட்டில் கருப்புப் பட்டை கூடாது.
முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து.

மன்னார்குடி, பந்தலடிக்குப் பின்னால், மாடியில் என் கடை.
டெக்கின் தலையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து
நாடாவை விட்டேன்.
கட்டம் கட்டமாய் உடைந்தது. பிறகு
நீடாமங்கலம், மூணாறு தலைப்பு.

ஷட்டருக்குக் கீழே வெறும் மணல்.
காதலி வெள்ளத்தில் போகவேண்டிய காட்சி.
"ஆறு எங்கேய்யா?" கத்துகிறார் டைரக்டர்.
"ஆறு வந்தாச்சு சார், ஏழாவது லாரிதான் வரணும்."
யாரும் சிரிக்கவில்லை. என் கேமரா மட்டும் கொஞ்சம் குலுங்குகிறது.

நாற்பத்தொரு நிமிஷம், பதினேழாவது நொடி.
மேலே குடை, குடைக்குக் கீழே ஹீரோ.
அவரைத்தான் எடுத்தேன்.
சட்டத்தின் அடியில், இடது மூலையில்,
டேங்கர் ஒழுகியதை மண்வெட்டியால் வளைத்து
நாற்றங்காலுக்குத் திருப்புகிற ஓர் ஆள்.
பத்தொன்பது நொடி.

வரிகளைப் பின்னச் சொன்னேன் மென்பொருளிடம்.
அசையாததெல்லாம் சுத்தமாய் ஒட்டிக்கொண்டது:
ஷட்டர், குடை, நாற்காலி, நாற்காலியில் ஹீரோ.
மண்வெட்டியும் அதன் முன்னே போன தண்ணீரும் மட்டும்
சீப்புப் பல்லாய்ப் பிரிந்து நின்றன.
தண்ணீர் ஓரடி முன்னே போய்
அரையடி பின்னால் வந்தது.

எங்கோ தப்பு. தேடினேன்.
மேல்வரி முதலில் என்று கொடுத்திருக்கிறேன்.
இந்த நாடாவுக்குக் கீழ்வரிதான் முதல்.
மாற்றினேன்.
நேராக ஓடியது.

நொடிக்கு ஒரு ஃபிரேம் உபரி.
பிடுங்கி எறியலாம், அல்லது
எல்லாரையும் கொஞ்சம் மெதுவாக நடக்கவிடலாம்.
மெதுவாகவே விட்டேன். பத்தொன்பது
ஏறக்குறைய இருபதானது.

கையெழுத்துக்காகக் கோவில்வெண்ணிப் பக்கம் போனேன்.
பக்கிரிசாமி. செல்போனில் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
"மூஞ்சி கிடக்கட்டும், தண்ணி தெரியுதா?" என்றார்.
"நாற்று பிழைத்ததா?"
"நுரைக்குன்னு சோப்பு கலந்திருந்தீங்க.
பாதி கருகிடுச்சு."
மீதியைப் பற்றி அவர் சொல்லவில்லை.
எங்கே போடணும் என்று கேட்டு
முதலெழுத்தோடு போட்டுக் கொடுத்தார்.

நாலுக்கு மூன்றை அகலத் திரைக்கு வெட்டினால்
உயரத்தில் கால் பங்கு போயே தீரும்.
தொழிலில் எல்லாரும் அடியில் வெட்டுவார்கள்.
தலை முக்கியம்.
நான் சட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.
குடை போயிற்று. ஹீரோவின் நெற்றி போயிற்று,
பிறகு கண்கள்.
மூலையில் தண்ணீர் முழுசாய் வந்து நின்றது.

சோதிக்கும் இயந்திரம் இரவெல்லாம் பார்த்துவிட்டு
நாற்பத்தொரு பச்சை அனுப்பியிருக்கிறது.
ஹீரோவின் கண்ணுக்கென்று அதில் கட்டம் இல்லை.

தயாரிப்பாளர் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.
போனைத் திருப்பிப் போட்டுவிட்டு
மேக்கிங் 7ஐ ஏற்றியிருக்கிறேன்.
லாரிகள் திரும்பிப் போகின்றன,
சாலையெங்கும் சொட்டிக்கொண்டு.