ஏழு குடம்

நாலரைக்கு லாரி வரும் என்றார்கள்.
மூணே முக்காலுக்கே வரிசையில் வைத்தாயிற்று.
வயிறு ஒடுங்கிய பச்சைக் குடம் என்னுடையது.
காற்றில் உருளாமல் இருக்க
உள்ளே ஒரு செங்கல் துண்டு.

வீட்டுக்கு ஏழு.
குடிக்க ஒன்று, உலைக்கு ஒன்று,
அவர் வேலை முடிந்து வந்ததும்
தலைக்கு ஊற்றிக்கொள்ள இரண்டு
(அந்த வாடைக்கு இரண்டு போதாது).
மிச்சம் மூன்றும் மித்துவின் துணிக்கு.
பதினோரு துணி, மூன்று குடம்.
பள்ளிக்கூடத்தில் வராத வகுத்தல்
இப்போது வருகிறது.

எம்.சி. ரோட்டில் கிலோ கணக்கில் எடுத்த பனியன் துணி.
நாலாய் மடித்துத் தைத்து
ஓரத்தில் அழுத்துப் பொத்தான்.
அவிழ்த்தால் கடுகு அரைத்த மஞ்சள்.
தாய்ப்பால் வெள்ளை என்பது
பாதிக் கதை.

கடையில் இலைப் படம் போட்ட பாட்டில் இருந்தது.
'பூமிக்கு இதமானது', நானூற்றி எண்பது ரூபாய்.
வைத்துவிட்டு
நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.
கால் கிலோ பூந்திக்கொட்டை.
விதை நீக்கி, குக்கரில் மூன்று விசில்.
அதே குக்கரில் பருப்பும் வைத்ததில்
ஒருநாள் சாம்பார் நுரைத்தது.
அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நுரை கொஞ்சம்தான் வரும்,
வந்ததும் நிற்காது.
போர் தண்ணியில் அதுவும் வராது.
உப்பு ஏறித் துணி அப்பளமாய் விறைக்கும்.
மித்துவின் தொடை இரண்டும் சிவந்துபோகும்.
வண்ணாரப்பேட்டை பக்கத்தில் இருந்து என்ன,
துவைக்கிற தண்ணி லாரியில் வருகிறது.

எதிர்வீட்டு ரோசலின் கேட்டாள்:
"இன்னாத்துக்குடி இந்தப் பாடு?
ஒரு பாக்கெட் வாங்கிக் கட்டு,
ரொம்புச்சா, தூக்கிப் போட்டுட்டுப் போவியா."

போடலாம்.
எங்கே என்பதுதான்.

அண்ணா நகரில் ஒருத்தி தூக்கிப் போட்டால்
அது போய்விடும்.
எழும்பூரில் போட்டாலும் போய்விடும்.
போனதெல்லாம்
எங்கள் கொடுங்கையூர் ஜன்னலுக்கு எதிரே
வந்து இறங்கும்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுவது கஜேந்திரன்,
மித்துவின் அப்பா.
மழைநாளில் அவை நனைந்த தலையணையாய் ஊதி
டயருக்கு அடியில் வெடிக்கும் என்று
ஒருமுறை சொல்லியிருக்கிறார்.
பிள்ளை பிறந்த மூன்றாம் நாள்
யாரோ கொடுத்த டயாபர் பாக்கெட்டைப் பிரிக்காமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.
"நான்தானே இதக் கொண்டுபோய்க் கொட்டணும்."
வேறு கொள்கை எதுவும்
எங்கள் வீட்டில் கிடையாது.

கார்த்திகை அடைமழையில்
ஆறு நாள் எதுவும் காயவில்லை.
ஏழாம் நாள் அவருக்குத் தெரியாமல்
பத்து அடங்கிய பாக்கெட் ஒன்று வாங்கி
அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினோம்,
மித்துவும் நானும்.
நாலு ஆனதும் கறுப்புக் கவரில் முடிந்து
நாலு தெரு நடந்து
முகம் தெரியாத ஒரு தொட்டியில் போட்டேன்.
முடிச்சு என் முடிச்சு,
தூளிக்குப் போடுகிற இரட்டை முடிச்சு.

அந்தத் தொட்டியும் அவர் ரூட்டு.

அவர் கேட்கவில்லை.
மறுநாள் விடிகாலை எழுந்து பார்த்தால்
ஃபேனுக்கு அடியில் குறுக்கே ஒரு கயிறு.
அதில் பதினோரு துணி.
அவர் முறுக்கிப் பிழிந்த பிழிக்கு
ஒரு பொத்தான் பிய்ந்திருந்தது.
குளிக்கிற இரண்டு குடமும் காலி.
தலையில் வாடையோடு
தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.
மேலிருந்து ஒரு சொட்டு,
கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு
அவர் முழங்கையில்.

அரிசி டின்னுக்குப் பின்னால்
மிச்சம் ஆறு இன்னும் இருக்கிறது.
நான் எடுக்கவில்லை.
அவரும் பார்த்திருப்பார்.

மணி ஐந்து ஆகிறது.
வரிசையில் யாரோ கொட்டாவி விட
எல்லோருக்கும் தொற்றுகிறது.
தெருக்கோடியில் இன்ஜின் சத்தம்.
தண்ணி லாரியா, அவருடையதா என்று
முனை திரும்பும்வரை தெரியாது.
எதற்கும் இருக்கட்டும் என்று
செங்கல்லை எடுத்து
வெளியே வைக்கிறேன்.