இவருக்குப் பதில் இவர்

ஆத்தூர் ரோட்டில் மூடிக்கிடந்த சேகோ ஆலை,
அதுதான் எங்கள் காவல் நிலையம்.
மாவு உலர்த்திய களத்தில் ஜீப் நிற்கும்.
மூட்டை அடுக்கிய அறைக்குக் கம்பி வைத்து
லாக்கப் என்று எழுதியிருந்தார்கள்.
எவ்வளவு கூட்டினாலும் சாயங்காலத்துக்குள்
காக்கியில் வெள்ளை படிந்துவிடும்.

நான் ரைட்டர் கலாவதி.
அது நெஞ்சில் குத்திய பெயர். என் பெயர் ஜெயக்கொடி.
வசனம் கிடையாது.
இன்ஸ்பெக்டர் கத்தும்போது அவர் தோளுக்குப் பின்னால்
கலங்கலாகத் தெரிகிற மேசையில்
தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.
'என்னத்தையாவது எழுதும்மா, கை அசைஞ்சாப் போதும்.'
முதல் நாள் பால் கணக்கு எழுதினேன்.
மறுநாள், சிவதாபுரம் பட்டறையில் எனக்கு
வர வேண்டிய கொலுசுக் கூலி.
அப்புறம் எழுத ஒன்றுமில்லாமல்
நடந்ததை எழுதினேன்.

தை பதினெட்டு. இன்ஸ்பெக்டர் விறல்வேந்தன்
நாளுக்கு மூவாயிரம் கூடக் கேட்டார்.
மாசி இரண்டு. ஏற்காட்டுச் சாலை, பதினாலாவது கொண்டை ஊசி.
ஜீப் உருண்டது.
உருண்டது ஒரு பழைய டயர், கொஞ்சம் புகை.
இருபது நாள் முகம் முழுக்கக் கட்டு.
கட்டுக்குள் இருந்தது மேக்கப் உதவியாளன் சீரங்கன்;
ஷாட் முடிந்ததும் மூக்குத் துவாரம் வழியாகப் பீடி.
பிரித்தபோது வேறு முகம், நாலு விரல் கூடுதல் உயரம்.
மனைவி கண்ணாடியை நீட்டி அழுதாள்.
நாய் மட்டும் விடாமல் குரைத்தது.
அடுத்த வாரம் நாயும் வேறு.

எஸ்.ஐ. சங்கமித்ராவுக்கு ஐந்தாம் மாதம்.
ஃபைலை வயிற்றோடு அணைத்தபடியே
மூன்று கொலைகளைக் கண்டுபிடித்தாள்.
பிறகு திரையில் இரண்டு படங்கள், நடுவில் ஓர் அம்புக்குறி,
'இனி இவருக்குப் பதில் இவர்.'
வந்தவள் முதல் நாளே கேட்டாள்:
'நான் யாரை லவ் பண்றேன்? இன்னும் அந்த டாக்டரையா?'
இயக்குநருக்குத் தெரியவில்லை. அவரும் சித்திரையில் வந்தவர்.
நான் ஏட்டைப் புரட்டினேன்.
'பங்குனியிலேயே விட்டாச்சு.
இப்போ கள்ளநோட்டுக்காரனோட தம்பி.'
வருடம் முழுக்க நான் பேசிய வசனம் இதுதான்.
கேமரா ஓடவில்லை.

ஆனி கடைசி.
ஏட்டு முத்துக்கருப்பாக நடித்த சுந்தரேசன்,
ஜி.எச்., காலை நாலரை.
மாலை போட்ட படம் காட்டினால்
வெள்ளிக்கிழமை யாரும் பார்க்க மாட்டார்களாம்.
தர்மபுரிக்கு மாற்றல் என்று முடித்தார்கள்.
உயர்ந்த இன்ஸ்பெக்டர் எப்போதாவது போனை எடுத்து,
'என்ன ஏட்டையா, அங்கே வெயில் எப்படி?' என்பார்.
பதிலுக்கு இடம் விட்டு,
சிரிப்பார்.
தொப்பி அதே ஆணியில் தொங்கியது.
கண்டினியூட்டி, எடுக்காதே என்றார்கள்.
அந்தக் காட்சிகளில் மட்டும்
பேனாவைத் திறக்காமல் எழுதினேன்.

தையில் பிணமாகக் கிடந்தவர்
ஆவணியில் கலெக்டராக வந்தார்.
எழுந்து நின்றேன். வேறென்ன செய்ய.

ஐப்பசியில் பட்டறையில் தீபாவளி ஆர்டர்,
நானூறு ஜோடி, சலங்கை வைத்தது.
நாலு நாள் படப்பிடிப்புக்குப் போகவில்லை.
ஐந்தாம் நாள், வர வேண்டாம் என்று போன்.

எனக்கு அம்புக்குறி போடவில்லை.
ராத்திரி எட்டரைக்குப் பார்த்தேன்.
விறல்வேந்தன் மேசையைக் குத்துகிறார்,
மூன்றாவது விறல்வேந்தன்.
அவர் தோளுக்குப் பின்னால் கலங்கலாக
அதே மேசை, அதே பெயர்ப்பட்டை,
கொஞ்சம் சின்னத் தோள்கள்.
எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனேன்.
அவள் கை அசையவே இல்லை.
குனிந்து, ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.
படித்துக்கொண்டிருந்தாள்.