நாலாவது மாடி

எட்டு பன்னிரண்டு ஸ்லோ லோக்கலை
எங்கள் வீட்டில் இரண்டு பேர் தவறவிடுகிறோம்.

படியில் செருப்புச் சத்தம் திரும்பி ஏறினால்
இரண்டாம் மாடிக் கதவிடுக்கில்
காம்ப்ளே வஹினியின் முகம்,
கையில் இஞ்சி நசுக்கும் கல்:
"ஃபிர் ஸே?"
யார் ஏறினாலும் அவளுக்கு அதே கேள்வி.

நான் ஏறினால் டப்பா. பாஸ். சாவி.
ஒரு நாள் ஜோடி மாறிய செருப்பு.

தவசீலன் எதையும் எடுக்க ஏறுவதில்லை.
காஸ் திருகைத் தொட ஏறுகிறான்.
தொட்டு, பார்த்து, தொட்டு,
பூட்டை இழுத்து நாலு வரை எண்ணி.
மூன்றில் கீழே ரிக்‌ஷா ஹாரன் அடித்தால்
முதலிலிருந்து.

ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி என்று
நானே சொல்லித் திரிந்தேன்.
ஒரு ராத்திரி மசாலா டப்பாக்களுக்கு
லேபிள் ஒட்டினேன், அகர வரிசையில்.
எனக்கு ஓசிடி என்று ஆபீஸில் பெருமை வேறு.
அன்னாசிப்பூ, ஏலம்.
கசகசாவைத் தேடும்போது பழைய ஆல்பம் கிடைத்தது.
மணி இரண்டு.
கடுகோடு நின்றது.
மீதி டப்பாக்கள் பதினோரு நாள் தரையில்.
அவன் தாண்டித் தாண்டி நடந்தான்,
ஒன்றும் சொல்லாமல்.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டங்கர்
தலை நிமிராமல் எழுதுகிறவர்.
"அடுப்பு நிஜமாவே எரிஞ்சுட்டு இருந்தது
எத்தனை தடவை?"

நான் விரல் மடக்கினேன்.
பால் சட்டி. மறுபடி பால் சட்டி.
பாசிப்பருப்பு, அன்று பக்கத்து வீட்டார் கதவை இடித்தது.
இரண்டாவது கைக்குப் போனேன்.

அவன் யோசிக்கவே இல்லை.
"ஒரு தடவைகூட இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார்.
"அப்புறம் எதுக்கு ஏறுறீங்க?"

சொன்னான்.
என்னைப் பார்க்காமல்
மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்து.
நாலு முறை தொடாவிட்டால்
டோம்பிவிலியிலிருந்து கதவோரம் தொங்கி வரும் தம்பி
கம்பத்தில் அடிபடுவான்.
கிறுக்குத்தனம்தான். தெரியும்.
தெரிஞ்சும் கை போகுது.

பதினோரு வருஷம் அதை நான்
ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.
அம்மாவிடம் போனில் பீற்றியிருக்கிறேன்.

ஒரே நாளில் பெயர் சொல்லிவிடவில்லை அவர்.
நாலு முறை வரச் சொன்னார்.
என் மூன்றாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டைக் கேட்டார்.
(தொலைத்துவிட்டேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.)
ஒரே ஆளுக்கு இரண்டும் வருவதும் உண்டாம்.
எங்களுக்கு ஆளுக்கொன்று.

அடுப்பை அணைத்ததும் போட்டோ எடு, இது எனக்கு.
நன்றாக வேலை செய்தது.
பாவம் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.
சயானிலிருந்து மஸ்ஜித் போவதற்குள்
நாற்பத்தொரு முறை பார்த்திருக்கிறான் அந்த போட்டோவை.
எடுத்த பிறகு திருகு தானாகத் திறந்திருந்தால்?

டாக்டர் கோபப்பட்டது அன்று மட்டும்.
போட்டோ கூடாது. எண்ணக் கூடாது.
அவர் கேட்டால் நீங்கள்
'அணைச்சாச்சு' என்று சொல்லவே கூடாது.
அந்தப் பதில்தான் அதற்குத் தீனி.

இன்று காலை
மூன்றாம் மாடி வரை வந்துவிட்டோம்.
குடை.
நான் மட்டும் ஏறினேன்.
இறங்கி வரும்போது அவன் அங்கேயே,
கைப்பிடிக் கம்பியை இறுக்கி,
விரல் மூட்டெல்லாம் வெளுத்து.
என் முகத்தைப் படிக்கப் பார்த்தான்.
வாய் திறந்தது.
மூடிக்கொண்டான்.

நான் அடுப்பைப் பார்த்தேனா?
சத்தியமாக நினைவில்லை.

"குடை எங்கே?" என்றான்.
என் கையில் சார்ஜர்.

சிரித்துவிட்டோம்,
அவன் கம்பியை விடாமலே.
வஹினியின் கதவு திறந்தது.
இருவரும் அவளைத் தாண்டி
கீழே இறங்கினோம்,
மழைக்குள்.